பல்கலைக் கழகத்துக்குப் பணம் யார் தருவது?

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ல் தோன்றியது. தென்னாட்டின் மூத்த பல்கலைக் கழகம் அது. 2024 பிப்ரவரியில் அதன் பாங்கிக் கணக்குகளை வருமான வரி இலாகா முடக்கிப் போட்டது. நானூறு கோடி ரூபாய்க்கு மேல் வரி பாக்கி என்று இலாகா கணக்குச் சொல்லிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில் மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதச் சம்பளம் தவறிற்று. ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் தவறிற்று. பட்டம் கொடுக்கிற ஸ்தாபனத்தின் வாசலில், பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் கூலி கேட்டு உட்கார்ந்தார்கள்.

சம்பள நாளில் ஆபீஸ் கதவு சாத்திக் கிடப்பது ஆலைத் தொழிலாளிக்குப் புதிய காட்சி அல்ல. ஆனால் ஆலையில் கதவைச் சாத்தியவன் யார் என்பது நமக்குத் தெரியும். பல்கலைக் கழகத்தில் பணம் இல்லையென்றால் யாரைக் கேட்பது? சர்க்கார் நிர்வாகத்தைக் கை காட்டுகிறது. நிர்வாகம் சர்க்காரைக் கை காட்டுகிறது. இருவரும் சேர்ந்து கடைசியில் மாணவனைக் கை காட்டுகிறார்கள்: "கட்டணத்தைக் கூட்டு!"

"பஞ்சாலையில் நூல் சுற்றுகிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது. பல்கலைக் கழகத்துக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தே, அதன் வாசலில் நம் பிள்ளை நுழைவானா மாட்டானா என்பது நிச்சயமாகிறது. நுழைந்த பிறகு அங்கே யாருக்காக ஆராய்ச்சி நடக்கும் என்பதும் அதைப் பொறுத்ததே. ஆகவே இந்தக் கணக்கை நாம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கணக்கு என்றதும் பயப்பட வேண்டியதில்லை; மளிகைக் கடைப் பற்றுச் சீட்டைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

வரவுகள் எவை?

ஒரு பல்கலைக் கழகத்தின் பெட்டிக்குள் பணம் விழுகிற துவாரங்கள் சில. முதலாவது, சர்க்கார் மானியம். இரண்டாவது, மாணவர் கட்டணம். மூன்றாவது, இணைப்புக் கல்லூரிகளிடமிருந்து வரும் இணைப்புக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும். நான்காவது, தபால் வழிக் கல்வி. ஐந்தாவது, தனவான்கள் தரும் நன்கொடை. ஆறாவது, நிலம், கட்டிடம், வைப்புத் தொகை இவற்றால் வருகிற வாடகையும் வட்டியும். ஏழாவது, பாங்கிக் கடன்.

செலவோ பெரும்பாலும் சம்பளமும் பென்ஷனும்தான். இது ஊதாரித்தனம் அல்ல. நெசவாலையில் பஞ்சுக்குப் பெரும் பணம் போகும். பள்ளிக்கூடத்தில் மனிதருக்குத்தான் பெரும் பணம் போகும். ஆசிரியர் இல்லாமல் கட்டிடம் பாடம் நடத்துமா?

இந்தத் துவாரங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டதுதான் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் கீழ் எல்லாவிதக் கல்லூரிகளும் இருந்தன. பிறகு பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக் கழகத்துக்குப் போயின. மருத்துவக் கல்லூரிகளும் சட்டக் கல்லூரிகளும் தனித்தனிப் பல்கலைக் கழகங்களுக்குப் போயின. அவற்றின் கட்டணமும் அவற்றோடு போயிற்று. கல்லூரிகள் தன்னாட்சி பெறப் பெற, பரீட்சை வருமானமும் குறைந்தது. தபால் வழிக் கல்வி சில பல்கலைக் கழகங்களுக்கு அட்சய பாத்திரம்போல் இருந்தது. எல்லை தாண்டி ஊர் ஊராக மையங்கள் வைக்கக்கூடாது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2013-ல் கட்டுப்பாடு விதித்தது. அந்தப் பாத்திரமும் வற்றிற்று. பாடம் சொல்லித் தருவதைவிடப் பட்டம் விற்பதே பெரிதாகிப் போன மையங்களைக் கட்டுப்படுத்தியது தவறல்ல. ஆனால் அந்தப் பணத்தை நம்பிப் பல்கலைக் கழகங்களை விட்டு வைத்தது யார்? மானியத்தை ஒழுங்காகக் கொடுக்காதவர்கள் அல்லவா?

வரி விவகாரத்தில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு பல்கலைக் கழகத்தின் வரவில் பாதிக்குமேல் சர்க்கார் மானியமாக இருந்தால், அது சர்க்கார் பணத்தில் நடப்பது என்று கருதி வருமான வரிச் சட்டம் விலக்குத் தருகிறது. மானியம் பாதிக்குக் கீழே போனால் அந்த விலக்குப் போய்விடும். சென்னையில் சில ஆண்டுகள் மானியம் பாதிக்குக் கீழே போயிற்று. வரி நோட்டீஸ் வந்தது. அதாவது, ஒரு கை "சொந்தமாகச் சம்பாதித்துக் கொள்" என்று மானியத்தைக் குறைக்கிறது. இன்னொரு கை "சொந்தமாகச் சம்பாதித்தாயா? வரி கட்டு" என்று பெட்டியைப் பூட்டுகிறது.

"சொந்தக் காலில் நில்"

இந்த உபதேசம் தானாக முளைத்தது அல்ல. 1990-க்குப் பின் இதற்கென்றே கமிட்டிகள் வந்தன. மானியக் குழு நியமித்த நீதிபதி புன்னையா கமிட்டி 1993-ல் ஒரு சிபாரிசு செய்தது. பல்கலைக் கழகங்கள் தங்கள் செலவில் ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு 15 பங்கையும், பத்து வருஷத்தில் 25 பங்கையும் தாங்களே தேடிக் கொள்ள வேண்டும் என்றது. 1994-ல் உலக பாங்கி, ஏழை நாடுகளின் உயர் கல்விச் செலவை மாணவர்களும் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்று யோசனை சொல்லிற்று. 2000-ல் முகேஷ் அம்பானியும் குமாரமங்கலம் பிர்லாவும் பிரதமரின் வர்த்தக, தொழில் கவுன்சிலுக்கு அறிக்கை கொடுத்தார்கள். உயர் கல்வியில் பயன்படுத்துகிறவனே பணம் கொடுக்க வேண்டும், கையில் இல்லாதவன் கடன் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பெரும் முதலாளிகள் இருவர் கல்விக்கு வழி சொன்னார்கள். சொல்லட்டும். ஆனால் "பயன்படுத்துகிறவன்" யார் என்பதை அவர்கள் பாதிதான் சொன்னார்கள். பொறியியல் படித்த பையன் பயன்படுத்துகிறான் என்பது சரி. அவனை வேலைக்கு வைத்து லாபம் சம்பாதிக்கிற கம்பெனி பயன்படுத்தவில்லையா? ஒரு டாக்டரின் படிப்பால் அந்த டாக்டர் மட்டுமா பயன் பெறுகிறார்? பிரசவத்துக்குத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் வீட்டுப் பெண் பயன் பெறவில்லையா? பயன் ஊருக்குப் பொதுவாக இருக்கும்போது, பில்லை மட்டும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

கட்டணம் எட்டும் உயரம்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கதை இதற்கு நல்ல பாடம். 1929-ல் அண்ணாமலை செட்டியார் நிறுவியது. பல பத்தாண்டுகள் ஒரு குடும்பத்தின் செல்வாக்கில் நடந்தது. வேலைக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2012-ல் பணமுடை வெடித்தது. ஆள் குறைப்பு, சம்பள வெட்டு என்ற பேச்சு எழுந்தது, ஊழியர்கள் கிளர்ந்தார்கள். 2013-ல் ராஜ்ய சர்க்கார் தனிச் சட்டம் கொண்டுவந்து அதைத் தன் கைக்கு எடுத்தது. மிகுதியாக இருந்த ஊழியர் ஆயிரக்கணக்கானோர் சர்க்கார் கல்லூரிகளுக்கும் இலாகாக்களுக்கும் மாற்றப்பட்டார்கள்.

கை மாறிற்று, கட்டணம் மாறவில்லை. அங்கிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி சர்க்கார் கைக்கு வந்த பிறகும் மாணவரிடம் வருஷத்துக்கு லட்சக் கணக்கில் வசூலித்துக் கொண்டிருந்தது. "சர்க்கார் கல்லூரி என்றால் சர்க்கார் கட்டணம்" என்று கேட்டு மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி வாரக் கணக்கில் போராடினார்கள். விடுதியில் சாப்பாடு நிறுத்தப்பட்டபோதும் அசையவில்லை. 2021 தொடக்கத்தில் சர்க்கார் இறங்கி வந்தது. கல்லூரி சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டது. எம்.பி.பி.எஸ். கட்டணம் மற்ற சர்க்கார் கல்லூரிகளைப் போல் வருஷத்துக்கு 13,610 ரூபாய் என்றாயிற்று.

இதை நம் கூலியால் அளந்து பார்ப்போம். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவித்த தினக் கூலி 319 ரூபாய். 13,610 ரூபாய் என்பது நாற்பத்து மூன்று நாள் கூலி. கஷ்டம்தான், ஆனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எட்டிப் பிடிக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் என்றால் முந்நூற்றுப் பதினான்கு நாள் கூலி. திட்டம் வாக்களித்ததோ வருஷத்துக்கு நூறு நாள் வேலை! பல லட்சம் என்றால் கணக்குப் போடுவதே வீண். முதலாவது கட்டணம் வாசற்படி. இரண்டாவது கட்டணம் மதில் சுவர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து "எல்லோரும் கொஞ்சம் கட்டணம் தரட்டுமே" என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் 2019-ல் நடந்ததும் இதுவே. விடுதித் தனி அறைக்கு மாதம் 20 ரூபாயாக இருந்ததை 600 ஆக்கப் போவதாகவும், புதிதாகச் சேவைக் கட்டணம் 1,700 ரூபாய் வாங்கப் போவதாகவும் நிர்வாகம் அறிவித்தது. "இருபது ரூபாய்க்கு அறையா? இந்தக் காலத்தில் டீயும் வடையும்கூட அந்த விலைக்குக் கிடைக்காதே!" என்று பத்திரிகைகள் கேலி பேசின. அந்த இருபது ரூபாய் அறைதான் பீகாரிலும் ஒரிஸ்ஸாவிலும் உள்ள கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையை டெல்லியில் படிக்க வைத்தது என்பதை அவர்கள் எழுதவில்லை. மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகே நிர்வாகம் உயர்வில் ஒரு பகுதியைத் தளர்த்திற்று.

"ஏழையின் வரியில் பணக்காரன் படிப்பதா?"

கட்டண உயர்வுக்காரர்களிடம் ஒரு வாதம் உண்டு. அதைத் தட்டிக் கழிக்கக்கூடாது. நம்மைத் தொடுகிற வாதம் அது. "பல்கலைக் கழகத்தில் படிப்பவர்களில் வசதியுள்ளவர் பிள்ளைகளே அதிகம். விவசாயத் தொழிலாளி கொடுக்கிற மறைமுக வரியில் வக்கீல் மகன் மலிவாகப் படிக்கிறான். இது நியாயமா? பணக்காரனிடம் முழுக் கட்டணம் வாங்கு. ஏழைக்குச் சலுகை கொடு."

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? சலுகை வேண்டுமானால் வருமானச் சான்றிதழ் வேண்டும். ஆலைத் தொழிலாளியின் சம்பளம் சீட்டில் அச்சடித்திருக்கிறது. ஓவர்டைம் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். நூறு ஏக்கர்க்காரரின் வருமானமும், வட்டிக் கடைக்காரரின் வருமானமும் எந்தச் சீட்டில் இருக்கிறது? தாலுகா ஆபீஸில் யாருக்குச் சுலபமாகச் சான்றிதழ் கிடைக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சலுகைப் பணம் வந்து சேர்வதும் தாமதம். அதுவரை கட்டணம் கட்டு என்று கல்லூரி பிடித்துக் கொள்ளும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்காக ஒவ்வொரு வருஷமும் எத்தனை மனு, எத்தனை அலைச்சல்!

பணக்காரனிடம் வாங்க வேண்டும் என்பதில் நமக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அதைக் கல்லூரி வாசலில் வாங்காதே. வருமான வரியில் வாங்கு, சொத்து வரியில் வாங்கு. கல்லூரி வாசலில் வாங்கினால் அவனுக்குப் பிள்ளை படிக்கும் நாலு வருஷத்துக்கு மட்டும் செலவு. நம் பிள்ளைக்கோ ஆயுள் முழுவதும் கதவடைப்பு.

நம் பிள்ளைகள் அங்கே குறைவு என்பது உண்மை. அதற்கு மருந்து கட்டணத்தைக் கூட்டுவதா, பிள்ளைகளைக் கூட்டுவதா? தமிழ்நாட்டில் 2010 முதல் தொழிற் படிப்புகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2020-ல் மருத்துவப் படிப்பிலும் 2021-ல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் சர்க்கார் பள்ளி மாணவருக்கு 7.5 சத ஒதுக்கீடு வந்தது. அப்படி உள்ளே போனவர்களில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. கதவு திறந்தால் நம்மவர் நுழைவார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

சீமைக்காரன் கற்ற பாடம்

கட்டணத்தால் பல்கலைக் கழகம் பிழைக்குமா என்பதை இங்கிலாந்து சோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே 1998-ல் வருஷத்துக்கு ஆயிரம் பவுன் என்று ஆரம்பித்தார்கள். 2006-ல் மூவாயிரம். 2012-ல் ஒன்பதாயிரம். மாணவர்கள் கடன் சுமையோடு வெளியே வருகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 2024-ல் அங்கே பல பல்கலைக் கழகங்கள் பற்றாக்குறையில் விழுந்து, இலாகாக்களை மூடி ஆட்களைக் குறைத்தன. வெளிநாட்டு மாணவர் தரும் கூடுதல் கட்டணத்தை நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அவர்கள் வரவு குறைந்ததும் தரை நழுவிற்று.

ஜெர்மனி வேறு வழி சென்றது. அங்கும் 2006-க்குப் பின் சில ராஜ்யங்கள் கட்டணம் விதித்தன. மாணவர் எதிர்த்தார்கள், ஜனங்கள் வாக்குச் சீட்டில் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு ராஜ்யமாகப் பின்வாங்கி, 2014-ல் கடைசி ராஜ்யமும் பொதுக் கட்டணத்தை எடுத்தது. அதனால் ஜெர்மனியின் தொழில் படுத்துவிடவில்லை. சிலி நாட்டில் பினோஷே ராணுவ ஆட்சி 1981-ல் கட்டண முறையைப் புகுத்திற்று. 2011-ல் மாணவர்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தார்கள். 2016 முதல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவச உயர் கல்வி ஆரம்பமாயிற்று.

நன்கொடை, கடன், நிலம்

நன்கொடையை நாம் இகழவில்லை. காசி இந்துப் பல்கலைக் கழகத்துக்காக மாளவியா மகாராஜாக்களிடமும் ஜனங்களிடமும் வசூலித்தார்; 1916-ல் அஸ்திவாரம் போட்டார்கள். திருச்சூர்ப் பக்கத்தில் பஞ்சாலை நடத்திய அழகப்ப செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1985-ல் அவர் பெயரில் பல்கலைக் கழகமே வந்தது. கொடுத்த மனம் பெரிய மனம்தான். ஆனால் பஞ்சாலைப் பணம் நூற்றவர் கையிலும் மகாராஜா பணம் உழுதவர் கையிலும் பிறந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. கல்வெட்டில் பெயர் ஒன்றுதான். பின்னால் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

நன்கொடை வரட்டும், வரவேற்போம். ஆனால் அது விருந்தாளி. விருந்தாளியை நம்பி அடுப்பு மூட்டக்கூடாது. கட்டிடம் கட்ட நன்கொடை கிடைக்கும். மாதாமாதம் துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் தனவான் நன்கொடை தருவார்?

அடுத்தது கடன். 2017-ல் மத்திய சர்க்காரும் கனரா பாங்கியும் சேர்ந்து உயர் கல்விக்குக் கடன் கொடுக்கவென்று "ஹெஃபா" என்ற கம்பெனியை அமைத்தன. முன்பு கட்டிடத்துக்கும் சோதனைக் கூடத்துக்கும் மானியம் தந்த இடத்தில் இப்போது கடன் தருகிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் வயதான தொழில்நுட்ப ஸ்தாபனங்கள் அசல் முழுவதையும் தங்கள் வருமானத்திலிருந்தே அடைக்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. சொந்த வருமானம் என்றால் என்ன? பெரும்பாலும் கட்டணம். ஆக, கட்டிடத்தை சர்க்கார் திறந்து வைக்கும். தவணையை மாணவன் கட்டுவான். மாணவனோ பாங்கியில் கல்விக் கடன் வாங்கிக் கட்டுவான். அடைக்க முடியாமல் போனால்? ஸ்டேட் பாங்கி வாராக் கல்விக் கடன்களை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்று, அந்தக் கம்பெனி தமிழ்நாட்டில் வசூலுக்கு இறங்கியதை நாம் பார்த்தோமே! கந்து வட்டிக்காரனிடமிருந்து தப்பிக்கப் பிள்ளையைப் படிக்க வைத்தோம். படிப்பே கடனாக வந்து நிற்கிறது.

நிலத்தின் கதையும் உண்டு. ஹைதராபாத் பல்கலைக் கழகத்தை ஒட்டிய கச்சிபௌலியில் 400 ஏக்கரை ஏலம் விட 2025-ல் தெலுங்கானா சர்க்கார் முனைந்தது. நிலம் சட்டப்படி தன்னுடையது என்றது சர்க்கார். பல்கலைக் கழகத்துக்கென்று விட்ட நிலம் இது என்றார்கள் மாணவர்கள். புல்டோஸர்கள் மரங்களைச் சாய்க்கத் தொடங்கின. ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு வேலையை நிறுத்திற்று. விதை நெல்லை விற்று ஒரு மாதம் சாப்பிடலாம். அடுத்த போகத்துக்கு என்ன விதைப்பது என்பது விவசாயிக்குத் தெரியும், மந்திரிகளுக்குத்தான் தெரிவதில்லை.

பணம் எங்கே இருக்கிறது?

"சர்க்காரிடம் பணம் இல்லையே, என்ன செய்வது?" என்பார்கள். பார்ப்போம்.

நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது 1964-66-ல் வேலை செய்த கோத்தாரி கமிஷன் காலத்திலிருந்து வருகிற இலக்கு. 1968, 1986, 2020 ஆகிய மூன்று தேசியக் கல்விக் கொள்கைகளும் அந்த ஆறு பங்கை ஒப்புக் கொண்டன. ஒரு வருஷமாவது அதை எட்டியதில்லை.

2007-ல் இடைநிலை, உயர் கல்விக்கென்று வரியின் மேல் ஒரு சதத் தனித் தீர்வை விதித்தார்கள். வருமான வரியின் மேல் மட்டுமல்ல, கலால் வரியின் மேலும் அது இருந்தது; ஆகவே கடையில் சாமான் வாங்கிய நாமும் கொடுத்தோம். 2016-17 வரை இதில் 83 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. இதற்கென்று ஒரு தனி நிதி திறக்கவில்லை, திட்டமும் வகுக்கவில்லை என்று மத்திய சர்க்காரின் தலைமைத் தணிக்கை அதிகாரியே எழுதினார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் பொதுக் கஜானாவில் கரைந்தது. தணிக்கை அதிகாரி நெருக்கிய காலத்தில்தான், 2017-ல், தனி நிதிக்கு மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. இத்தகைய தீர்வையில் ராஜ்யங்களுக்குப் பங்கும் கிடையாது. ஆனால் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது ராஜ்யங்கள்தான்!

மறுபக்கம் பாருங்கள். இறந்தவர் விட்டுப் போகும் பெரும் சொத்தின் மீது இருந்த வரியை 1985-ல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015-ல் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30 சதத்திலிருந்து 22 சதமாக இறக்கினார்கள். வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வரவு குறையும் என்பது சர்க்கார் தானே சொன்ன கணக்கு. ஒரே நாளில் இவ்வளவு தொகையை விட்டுக் கொடுக்க முடிந்தவர்களுக்கு, பேராசிரியர் சம்பளத்துக்குப் பணம் இல்லையாம்!

கம்பெனிகள் கல்விக்காகக் கொடுப்பது நடக்காத காரியமா? கோவை பஞ்சாலைத் தொழிலாளருக்கு "சிட்ரா" தெரியும். தென்னிந்தியப் பஞ்சாலை ஆராய்ச்சி நிலையமான அதை 1956-ல் ஆலை முதலாளிகள் தாங்களே பணம் போட்டு, சர்க்கார் உதவியுடன் அமைத்தார்கள். தறிக்கும் கதிருக்கும் ஆராய்ச்சி தேவைப்பட்டபோது பை திறந்தது. இங்கிலாந்தில் 2017 முதல், சம்பளப் பட்டியல் முப்பது லட்சம் பவுனைத் தாண்டுகிற பெரும் கம்பெனிகள் அதில் அரை சதத்தைத் தொழிற் பயிற்சிக்கென்று வரியாகச் செலுத்துகின்றன. பட்டதாரிகளை ஆயிரக் கணக்கில் வேலைக்கு எடுக்கிற கம்பெனிகளிடம் இங்கும் அப்படி ஒரு வரி ஏன் வாங்கக்கூடாது?

வீட்டையும் பெருக்க வேண்டும்

சர்க்காரை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்துவது நேர்மை ஆகாது. பல்கலைக் கழகங்களுக்குள்ளும் ஒட்டடை இருக்கிறது. அனுமதியில்லாத நியமனங்கள், தீராத தணிக்கை ஆட்சேபங்கள் என்று சொல்லித்தான் மானியத்தைப் பிடித்து வைக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக் கழகத் துணைவேந்தரே, ஆசிரியர் நியமனத்துக்கு லஞ்சம் வாங்கினார் என்ற வழக்கில் கைது செய்யப்பட்டார். சென்னைப் பல்கலைக் கழகத்திலோ 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக் காலம் முடிந்தது. கவர்னருக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் நடந்த இழுபறியில் நாற்காலி நெடு நாள் காலியாகக் கிடந்தது. தலைவன் இல்லாத வீட்டில் கணக்குப் புஸ்தகம் எப்படி இருக்கும்?

ஆனால் தவறு செய்தவர் ஒருவர், தண்டனை அனுபவிப்பவர் வேறொருவர் என்று ஆகக்கூடாது. நியமனத்தில் ஊழல் செய்தவரைப் பிடியுங்கள். மாணவரின் மானியத்தைப் பிடிக்காதீர்கள். நிரந்தர ஆசிரியர் இடங்களை நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் சூட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவதும் சிக்கனம் அல்ல. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-ல் சொன்ன பிறகும், தமிழ்நாட்டு சர்க்கார் கல்லூரிகளில் 2024-ல் அவர்கள் பெற்றது 25,000. ஆலையில் பதிலித் தொழிலாளியை வருஷக் கணக்கில் பதிலியாகவே வைத்திருந்த தந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாம் கேட்க வேண்டியது

பல்கலைக் கழகத்துக்கு நிதி திரட்ட வழி என்ன என்று கேட்டால், நம் பதில் இதுதான்:

முதலாவது, மானியம் விலைவாசியோடு உயர வேண்டும். விலைவாசிப் புள்ளி ஏறினால் ஆலையில் கிராக்கிப்படி ஏற வேண்டும் என்பதைப் போராடிப் பெற்றவர்கள் நாம். பல்கலைக் கழக மானியத்துக்கும் அப்படி ஒரு புள்ளிக் கணக்கு வேண்டும். அனுமதித்த ஆசிரியர் இடங்களின் சம்பளமும் பென்ஷனும் சர்க்கார் பொறுப்பு என்று சட்டமே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கல்வியின் பெயரால் வாங்குகிற தீர்வை கல்விக்கே போக வேண்டும். ராஜ்யங்களுக்கும் பங்கு வேண்டும்.

மூன்றாவது, பெரும் சொத்துக்கும் பரம்பரைச் சொத்துக்கும் வரி திரும்ப வர வேண்டும். பட்டதாரி உழைப்பால் லாபம் பெறும் பெரும் கம்பெனிகள் அதற்கொரு வரி தர வேண்டும்.

நான்காவது, பல்கலைக் கழகம் தன் அறிவால் சம்பாதிக்கட்டும். கம்பெனிக்குச் சோதனை செய்து கொடுத்தால் முழுக் கூலி வாங்கட்டும். சிறு விவசாயியின் மண்ணைச் சோதித்தால் இலவசமாகச் செய்யட்டும். அந்த வருமானம் ஆராய்ச்சிக்கும் நூல் நிலையத்துக்கும் போகட்டும். அன்றாடச் சம்பளம் அதை நம்பி இருக்கக்கூடாது. நிலத்தை விற்கக்கூடாது.

ஐந்தாவது, வருஷா வருஷம் வரவு செலவைத் தமிழில் அச்சிட்டு ஜனங்கள் முன் வைக்க வேண்டும். ஆட்சிக் குழுவில் மாணவருக்கும் ஊழியருக்கும் இடம் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை மாணவர்கள் மட்டும் கேட்டால் "பிள்ளைகளின் கலாட்டா" என்று தள்ளிவிடுவார்கள். ஆசிரியர்கள் மட்டும் கேட்டால் "சம்பளக்காரரின் சுயநலம்" என்பார்கள். பஞ்சாலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்து கேட்டால் அப்படித் தள்ள முடியாது. சங்கக் கூட்டத்தில் கூலியையும் போனஸையும் பேசும்போது, பக்கத்து ஊர்க் கல்லூரியில் எத்தனை ஆசிரியர் இடம் காலி என்பதையும் பேசுவோம். வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடும் தண்ணீர்க் குழாயும் கேட்கும்போது, "பல்கலைக் கழக மானியத்துக்கு என்ன செய்தீர்?" என்றும் கேட்போம். போராடுகிற மாணவரும் ஊழியரும் வாசலில் உட்கார்ந்திருந்தால், ஷிப்டு முடிந்து போகிற வழியில் ஒரு பத்துப் பேராவது போய் நிற்போம்.

அந்தக் கட்டிடத்தின் செங்கல்லைச் சுட்டவர்கள் நாம்; சுமந்தவர்கள் நாம்; வரியும் கொடுத்தவர்கள் நாம். கணக்குக் கேட்கிற உரிமையும் நம்முடையதே. கேட்போம்.